விலக்குப் பட்டியல்

அத்தியாயம் 14

ஸ்டெபினுக்கு வேலை போன விஷயம் இந்தத் தொடரைப் படிக்கிற அத்தனை பேருக்கும் போன வாரமே தெரியும். தெரியாத ஒரே ஆள் அவன் அப்பா.

போன வாரம் பத்திரிகை கிடைக்காதவர்களுக்காகக் கொஞ்சம். ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றில், நாற்பதாயிரம் கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் போடும் பிரிவுக்கு ஸ்டெபின் சீனியர் மேனேஜர். யாரையும் கேட்காமல், யார் கையும் படாமல், மென்பொருள்கள் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொள்ளும்படி ஒரு கருவியை அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தான். 'மனிதத் தலையீடு: பூஜ்யம்' என்று கடைசி ஸ்லைடில் கொட்டை எழுத்தில் போட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் மேலிடத்தில் யாரோ அந்த ஸ்லைடை நிதானமாகப் படித்திருக்கிறார்கள். தலையீடு பூஜ்யம் என்றால் தலை எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள்.

மூன்று வாரமாக மேடவாக்கம் அடுக்குமாடியில், எட்டாவது மாடியில், பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது.

அங்கிருந்து பத்து கிலோமீட்டரில், ராஜகீழ்ப்பாக்கத்தில், அப்பா தேவானந்தம் தனியாக இருக்கிறார். மனைவி ரத்தினபாய் காலமாகி மூன்று வருடம். முப்பத்தொரு வருடம் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கும் கோட்டைத் தலைமைச் செயலகத்துக்கும் போய்வந்து, பிரிவு அலுவலராக ஓய்வு பெற்றவர். இப்போது தேவாலய சபையின் மாத மடலைத் தட்டச்சு செய்து தருகிறார். அதற்காக ஒரு கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டர் முன்பெல்லாம் ஒழுங்காகத் தொந்தரவு கொடுத்துவந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். தேவானந்தம் போனை எடுப்பார்.

"ஸ்டெபின், ஏதோ புதுசு வந்திருக்காம்டா. போடவா, வேணாமான்னு கேக்குது."

"எதையும் தொடாதீங்கப்பா. சனிக்கிழமை வரேன்."

சனிக்கிழமை வருவான். ஒரு பொத்தானை அழுத்துவான். அப்பா வைத்த நெத்திலிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, தன் பழைய அறையில் இரண்டு மணி நேரம் தூங்குவான். ஒரு பொத்தானை அழுத்த மேடவாக்கத்திலிருந்து ஆள் வர வேண்டியதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், வேலை இருந்த காலத்தில், ஸ்டெபின் தன் கருவியை அப்பாவின் கம்ப்யூட்டரிலும் போட்டுவிட்டான்.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவே இருக்காதுப்பா."

அவன் சொன்னது பலித்தது. தொந்தரவே இல்லை. பெட்டி வரவில்லை, ஸ்டெபினும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு தேவானந்தம் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கேம்ப் ரோட்டுக்குப் போனார். அங்கே எழிலின் கடை. நாற்பது வயதுப் பெண்மணி; கம்ப்யூட்டர், பிரிண்டர், சிசிடிவி எல்லாம் பார்ப்பாள். போர்டில் 'சொல்யூஷன்ஸ்' என்று போட்டிருந்தது. தாம்பரத்தில் இப்போது கடைகளே கிடையாது. எல்லாம் சொல்யூஷன்ஸ்தான்.

"இன்னா சார், சிஸ்டம் படுத்துகிச்சா?"

"இல்லம்மா. நல்லா ஓடுது."

"அப்புறம்?"

"ரொம்ப நல்லா ஓடுது. அதான் வந்தேன்."

எழில் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் பழுதாக்கித் தர முடியுமா?" தேவானந்தம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெரிசா வேணாம். ஏதோ கருவி போட்டதுலேர்ந்து அது என்னை எதுவும் கேக்கறதே இல்ல. பழையபடி அப்பப்ப ஒரு பெட்டி வந்து கேட்டாப் போதும்."

"சார், பதினெட்டு வருஷமா கடை வச்சிகினு கீறேன். ரிப்பேரு பண்ணிக் குடுன்னு வருவாங்க. ரிப்பேராக்கிக் குடுன்னு வந்த மொத ஆளு நீங்கதான்."

"முடியாதா?"

"ஓடுற மெஷின கெடுக்கறது பாவம் சார். யாரு போட்டது அந்தக் கருவி?"

"என் பையன் ஸ்டெபின். நாப்பதாயிரம் கம்ப்யூட்டரை..."

"தெரியும் சார்."

மகனின் நாற்பதாயிரம் பெருமை அவளுக்கு மட்டுமா தெரியும்? கேம்ப் ரோட்டிலிருந்து செம்பாக்கம் வரை தெரியும். காய்கறிக்காரருக்குத் தெரியும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கு இரண்டு தடவை தெரியும்.

எழில் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினாள். "இந்த மாரி கருவிங்க எல்லாத்துலயும் உள்ள 'அமைதி நிலை'ன்னு ஒண்ணு கீது. ஒங்களாண்ட கேக்காமயே எல்லாத்தையும் செஞ்சிகினு போவுதே, அது இதான். அத்தத் தொடாதீங்க, பையன் கோச்சிக்குவாரு. கீழ 'விலக்குப் பட்டியல்'னு ஒரு பெட்டி வரும். எதோட பேர அதுல எழுதறீங்களோ, அத்த மட்டும் கருவி தொடாது. அது பழசாச்சின்னா பழையபடி ஒங்களக் கேக்கும். ஒரு வரிக்கு ஒரு பேரு. மேட்டர் அவ்ளோதான்."

"கட்டாயம் கேக்கும்ல?"

"கேக்கும் சார்." கவரை நீட்டிவிட்டு, பிடியை விடாமல் சொன்னாள். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே. போனப் போட்டு, வாடா கண்ணுன்னா வர மாட்டாரா?"

"பெரிய பொறுப்புல இருக்கான்மா. காரணம் இல்லாம கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

கவரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கருவி தமிழில் இருந்தது. அதாவது, உலகத்தில் எந்தத் தமிழனும் பேசாத தமிழில் இருந்தது. 'இற்றைப்படுத்தல் நிகழ்வூக்கி முன்னமைவு' என்று ஒரு தலைப்பு. கோட்டையில் வேலை பார்த்தவர் என்பதால் தேவானந்தம் மிரளவில்லை. இதைவிட மோசமான தமிழை அவரே எழுதியிருக்கிறார்.

விலக்குப் பட்டியல் கிடைத்தது. வெள்ளையாக, காலியாக ஒரு பெட்டி. சபை மடல் எழுதுகிற மென்பொருளின் பெயரை ஒரு வரியில் அடித்தார். வேலை முடிந்தது. அத்தோடு எழுந்திருக்கலாம்.

எழுந்திருக்கவில்லை. பழக்கம் விடவில்லை.

கோட்டையில் அவர் பார்த்த வேலை, சட்டமன்றக் கேள்விகளுக்குப் பதில் தயாரிப்பது. கேள்விகளில் இரண்டு ரகம். நட்சத்திரக் குறி இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் போதும். தாளை அனுப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி அப்படியல்ல. அமைச்சரே அவையில் எழுந்து நின்று, வாயால் பதில் சொல்ல வேண்டும். கோப்பின் தலையில் நட்சத்திரத்தைப் பார்த்தால் மூன்று மாடிக்கும் வியர்க்கும். நட்சத்திரம் என்றால் ஆள் நேரில் வந்தாக வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் அவருக்கு அதற்கு வேறு அர்த்தம் இருந்ததில்லை.

என்றைக்காவது ஸ்டெபின் இந்தப் பட்டியலைத் திறப்பான். திறந்தால் புரிந்துகொள்ளட்டும். அந்தப் பெயருக்கு மேலே, தனி வரியில், ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். சேமித்தார்.

கம்ப்யூட்டர்காரர்கள் ஊரில் நட்சத்திரத்துக்கு அர்த்தம் வேறு. அங்கே அது 'எல்லாம்'. விலக்குப் பட்டியலில் தனி வரியில் நட்சத்திரம் போட்டால், என்னுடையது எதையும் தொடாதே என்று பொருள்.

மேடவாக்கத்தில் ஸ்டெபினின் மனைவி ஜென்சி அன்று காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதே ஆரம்பித்திருந்தாள். கோவிலம்பாக்கத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். விடை தெரிந்துகொண்டே கேள்வி கேட்கும் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

"இன்னைக்கு மாமாகிட்ட சொல்லப் போறியா?"

"சொல்றேன்."

"செவ்வாக்கிழமையும் இதையேதான் சொன்ன."

"என்னன்னு சொல்லச் சொல்ற ஜென்சி? சர்ச் அறுப்பின் பண்டிகை ஏலத்துல பூசணிக்காய் எடுத்துட்டு, மைக்கைப் பிடிச்சு என்னைப் பத்திப் பேசின மனுஷன்கிட்ட?"

"பூசணிக்காய்க்கு எதுக்கு மைக்கு குடுத்தாங்க?"

"அவரா கேட்டு வாங்கினாரு."

ஜென்சிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு டிபன் பையை எடுத்தாள். "ரெண்டு மாசமா போகல. அவருக்கு என்ன தோணும்? வேலைதான் போயிடுச்சு, இப்ப அவரையும் விடப் போறியா?"

அவள் போன பிறகு வீடு காலியானது. எட்டாவது மாடி ஜன்னலில் நின்றால் கீழே தண்ணீர் லாரிகளும், ஓ.எம்.ஆர். பக்கம் போகும் கார்களும் தெரியும். எல்லோரும் எங்கேயோ தேவைப்பட்டார்கள்.

பதினொன்று பத்துக்கு மெயில் வந்தது. நாற்பதாயிரம் கம்ப்யூட்டர்களும் கைவிட்டுப் போன பிறகு அவனுக்கு அறிக்கை அனுப்புகிற கம்ப்யூட்டர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதற்கு 'ராஜகீழ்ப்பாக்கம்-01' என்று பெயர் வைத்திருந்தான். 02 கிடையாது.

'ராஜகீழ்ப்பாக்கம்-01. விலக்குப் பட்டியல் மாற்றப்பட்டது. கண்காணிப்பில் உள்ள மென்பொருள்கள்: 0.'

பட்டியலைத் திறந்தான். முதல் வரியில் நட்சத்திரம்.

பதினாறு வருட சர்வீஸ் அவனுக்கு. நட்சத்திரத்தைப் படிக்க அரை நொடி போதும். எதையும் தொடாதே. வேலை போனதை யாரோ அப்பாவுக்குச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தான். நாற்பதாயிரத்தை இழந்தவன் கை என்னுடையதில் மட்டும் எதற்கு என்று அப்பா கேட்பதாகத் தோன்றியது. அப்பா அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் மூன்று வாரம் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு எது தோன்றும் என்று யார் சொல்ல முடியும்?

போனில் 'அப்பா' என்ற பெயர் வரை போனான். அழுத்தவில்லை. ஒருவரோடு பேசத் தைரியம் இல்லாதவனுக்குக் கம்ப்யூட்டர் துறை ஆயிரம் வழி வைத்திருக்கிறது. அப்பாவின் திரையை இங்கிருந்தே இயக்கும் வசதியைத் திறந்தான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் தேவானந்தம் டம்ளரில் காபியோடு வந்து உட்காரும்போது, திரையில் அம்பு தானாக நகர்ந்தது.

அவர் மவுசைத் தொடவில்லை. இரண்டு கையிலும் டம்ளர் இருந்தது. அம்பு மெதுவாக, வீடு தெரிந்தவன் மாதிரி, நேராக விலக்குப் பட்டியலுக்குப் போனது. அதைத் திறந்தது. நட்சத்திரத்தின் மேல் வந்து நின்றது. திரையின் மூலையில் சின்ன எழுத்தில் 'தொலை இணைப்பு: ஸ்டெபின்' என்று வந்தது.

பையன் வந்துவிட்டான். தேவானந்தம் டம்ளரை வைத்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வந்தது அம்பு மட்டும்தான் என்பது ஒரு நிமிடம் கழித்தே உறைத்தது.

பட்டியல் திறந்தேதான் இருந்தது. நட்சத்திரத்துக்கும் மென்பொருள் பெயருக்கும் கீழே, அடுத்த வரியில், தட்டினார்.

'சாப்டியா'

அம்பு நடுங்கினாற்போல் அசைந்தது. பிறகு அதற்கும் கீழே எழுத்துகள் வந்தன. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

'மணி பதினொண்ணரைதான் ஆகுதுப்பா'

'ஆபீஸா'

கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

'ஆமாப்பா'

அப்புறம் மறுபடி எழுத்துகள் ஊர ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக. தேவானந்தம் உதடு அசைத்துப் படித்தார்.

'அப்பா எனக்கு வேலை போயி மூணு வாரம் ஆச்சு'

அங்கே நின்றது.

எட்டாவது மாடியில் ஸ்டெபின் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். போனில் செய்தி அனுப்பிப் பழகிய விரல்கள். எழுதிப் பார்க்கலாம், சரியில்லை என்றால் அழித்துவிடலாம், அனுப்பு பொத்தானை அழுத்தும் வரை எதிராளிக்கு ஒன்றும் போகாது. ஆனால் விலக்குப் பட்டியலில் அனுப்பு பொத்தான் ஏது? அவன் எழுதிக்கொண்டிருந்தது அப்பாவின் திரையில். நாற்பதாயிரம் திரைகளை ஆண்டவனுக்கு அது அந்த நிமிடம் தோன்றவே இல்லை.

எழுத்துகள் பின்னாலிருந்து மறைய ஆரம்பித்தன. 'ஆச்சு' போனது. 'மூணு வாரம்' போனது. 'வேலை' போனது, அது ஏற்கெனவே போனதுதான். 'அப்பா' மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் போனது.

அந்த இடத்தில் புதிதாக வந்தது: 'எல்லாம் நல்லாப் போகுதுப்பா. கொஞ்சம் பிசி'

அடித்து நீக்கிய குறிப்பை மேலதிகாரி படிக்கக் கூடாது. படித்தாலும் படித்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அது கோட்டை நாகரிகம். தேவானந்தத்தின் கண் கலங்கியிருந்தது. விரல் மட்டும் பழக்கத்தில் தட்டியது. இருபது வருடமாக மகனோடு பேசுகிற எல்லாப் பேச்சையும் எப்படி முடிப்பாரோ, அப்படியே.

'சரிப்பா, வேலையைப் பாரு'

தட்டி முடித்த பிறகுதான் படித்தார்.

பின்னால் அழிக்கிற பொத்தானைப் பிடித்து அழுத்தினார். 'பாரு' போனது. 'வேலையை' பாதி போவதற்குள் அம்பு காணாமல் போயிருந்தது. மூலையில் 'இணைப்பு முடிந்தது' என்று வந்தது.

போன் செய்தார். ஸ்டெபின் எடுக்கவில்லை. இன்னொரு தடவை செய்தார். எடுக்கவில்லை.

தேவானந்தம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் ஸ்டாப்புக்கு நடந்தார். வேளச்சேரி போகும் பஸ் வந்தது. உச்சி வெயில், உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. சந்தோஷபுரத்தில் இறங்க யாரும் இல்லை. பஸ் நிற்காமல் போனது.

மேடவாக்கம் ஃபிளாட்டுக்கு அவர் வந்தது ஒரே ஒரு தடவை, புதுமனை புகுந்தபோது நடந்த வீட்டு ஜெபத்துக்கு. அன்றைக்கு ஸ்டெபினின் காரில் நேரே உள்ளே போய்விட்டார். அப்படி ஒரு கேட் இருப்பதே தெரியாது. இப்போது தெரிந்தது. காவலாளி பொன்னுசாமி, வருகிறவர்களைப் பதிவு செய்யும் ஆப் திறந்த போனோடு எழுந்து வந்தார்.

"எங்க சார்?"

"எட்டாவது மாடி. ஸ்டெபின்."

"எட்டு பி. இன்னா விஷயமா வந்துகீறீங்க? டெலிவரியா, கேபா, சர்வீஸா, கெஸ்ட்டா?"

"அப்பா."

பொன்னுசாமி போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அப்டி ஒண்ணு இதுல இல்ல சார். நாலுதான் கீது."

கெஸ்ட் என்று சொல்ல தேவானந்தத்துக்கு வாய் வரவில்லை. "சர்வீஸ்னு போட்டுக்கங்க. கம்ப்யூட்டர்."

பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. பொன்னுசாமி போனில் அனுமதி கேட்டு அனுப்பினார். பதில் வரவில்லை. கூண்டுக்குள் போய் இன்டர்காமை எடுத்தார்.

"எட்டு பி-யா? சார், கம்ப்யூட்டர் சர்வீஸ் வந்துகீறாங்க... ஆங்... சரி சார்." ரிசீவரின் வாயைக் கையால் மூடிக்கொண்டு தேவானந்தத்தின் பக்கம் திரும்பினார். "சாரு ஆபீஸ் போய்கீறாராம்."

"யாரு சொல்றது?"

பொன்னுசாமி சிரித்தார். "அவரேதான் சொல்றாரு. கொரல மாத்தி. செகரட்ரி பத்ரிநாராயணன் சாரு அசோசியேஷன் கம்ப்யூட்டர வந்து பாருன்னு தெனம் பேஜார் பண்றாரா, அதுக்கோசரம். மூணு வாரமா இப்டிதான். நல்ல மனுசன் சார், வெளியவே வரதில்ல."

தேவானந்தம் கையை நீட்டினார். அந்தக் கையை எப்படி மறுப்பது என்று பொன்னுசாமிக்குத் தெரியவில்லை. ரிசீவரைக் கொடுத்தார்.

"சார் ஆபீஸ் போயிருக்காரு," என்றது உள்ளேயிருந்து ஒரு கட்டைக் குரல். "யாரு நீங்க?"

"ஸ்டெபின்," என்று கூப்பிட்டார் தேவானந்தம்.

லாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"நீ அழிச்சதை நான் படிச்சிட்டேன்டா."

கட்டைக் குரல் திரும்ப வரவில்லை. ரிசீவரை வைக்கிற சத்தமும் வரவில்லை. எட்டாவது மாடியில் யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருக்கும்போது விடுவானே, அந்த மாதிரி. தேவானந்தம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

லாரி மறுபடி ஹாரன் அடித்தது.

"சார்," என்றார் பொன்னுசாமி, நோட்டில் பேனாவை வைத்துக்கொண்டு. "உள்ள போறீங்களா, திரும்பிப் போறீங்களா? ஏதாச்சும் ஒண்ணு எழுதணும்."

"இருப்பா," என்றார் தேவானந்தம். "அவன் சொல்லட்டும்."